இப்போது நீங்கள் விரும்பிக் கேட்கும் இசை எது, ஏன்? – நாகசுரம், தவில்

நூற்பாலைக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்மைக் காலமாக நீங்கள் விரும்பிக் கேட்கும் இசை எது, அதை ஏன் கேட்கிறீர்கள் என்று இந்த இழையில் எழுதுமாறு வேண்டுகிறேன். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் காரணத்தையும் சொன்னால் மற்றவர்களுக்கும் ஒரு வழி கிடைக்கும். தொடங்கி வைப்பவன் என்ற முறையில் என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

கடந்த எட்டு மாதங்களாக நான் கேட்பது நாகசுரம் ஒன்றுதான். அதிலும் பெரும்பாலான இரவுகளில் நாகசுர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், ஸ்பின்னிங் பிரிவில், இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கைச்சாடையால்தான் பேசுவோம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று அன்று நினைத்திருந்தோம். சென்ற ஆண்டு காதுப் பரிசோதனை செய்தபோது, தாளில் நேராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு முதலில் கெடுவது அந்த இடம்தான் என்று மருத்துவர் விளக்கினார்.

இளமையிலிருந்து எனக்கு வாய்ப்பாட்டுத்தான் உயிர், வாய்ப்பாட்டிலும் சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள். காது கெட்ட பிறகு என்ன நடந்ததென்றால், பாடுபவரின் குரல் கேட்கிறது, ஆனால் ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்கள் கரைந்துபோய் உயிர் ஒலிகள் மட்டும் வந்து சேர்கின்றன. பழகிய கிருதியாக இருந்தால் நினைவு அந்த இடங்களை நிரப்பிவிடும். புதிய பாட்டாக இருந்தால், பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போட மறந்ததைப் போல நான் காத்துக்கொண்டே இருப்பேன். சில மாதங்கள் இசை கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் இரவு என் மகன் தன் கைப்பேசியில் ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டு ஒன்றின் ஒலிப்பதிவைப் போட்டான். தோடி ஆலாபனை. சொல்லே இல்லாத இசையில் எனக்கு இழப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. நீளமான வகையான பாரி நாகசுரத்தை 2 கட்டைச் சுருதியில் வைத்தால் அதன் ஷட்ஜம் (ச) ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் அதன் இரட்டிப்பு. மேல் பஞ்சமம்கூட 900-ஐத் தாண்டாது. ராகம் முழுவதும் என் காதின் கெடாத பகுதிக்குள்ளேயே நடமாடுகிறது. காந்தாரத்தை அவர் அசைக்கும்போது அந்த அசைவின் விளிம்பு வரைக்கும் எனக்குக் கேட்டது. அன்று இரவு அதை ஆறு முறை கேட்டேன்.

ஒரு சிக்கலும் உண்டு. காது மெஷினை மாட்டிக்கொண்டு கேட்டால், ஒரே சுரம் நீண்டு நிற்கும் கார்வை வரும் இடங்களில் ஒலி நடுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. கழற்றிவிட்டுக் கேட்டால் கார்வை நேராக நிற்கிறது, ஆனால் கைத்தாளத்தின் கிண்ணென்ற ஒலி போய்விடுகிறது. இது வேறு யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

செவிக்குணவு எழுதியது:

ஐயா, காது மெஷின் பொருத்தும் பணியில் இருப்பவள் நான். நீங்கள் சொல்வது மெஷினின் பழுது அன்று, அதன் இயல்பு. மெஷினுக்குள் இருக்கும் மைக்கும் ஒலிபெருக்கியும் மிக அருகருகே இருப்பதால் சில வேளைகளில் அது தானாகவே கூவத் தொடங்கும். அந்தக் கூவலை அடக்குவதற்கென்றே ஓர் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. ஏற்ற இறக்கமில்லாமல் நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்தைக் கேட்டதும் அந்த ஏற்பாடு அதைக் கூவல் என்று எண்ணி அழிக்கப் பார்க்கிறது. அதனால்தான் கார்வை நடுங்குகிறது. பேச்சில் அவ்வளவு நீண்ட சுரம் வருவதில்லை என்பதால், பேச்சுக்கென்று அமைத்த மெஷினில் இந்தக் குறை வெளியே தெரியாது.

மெஷின் பொருத்தியவரிடம் சென்று, இசைக்கென்று தனி நிரல் ஒன்றை அமைத்துத் தருமாறு கேளுங்கள். அதில் கூவல் அடக்கியையும் இரைச்சல் குறைப்பானையும் தளர்த்தி, பெரிய ஒலியை அமுக்குவதையும் குறைத்து வைப்பார்கள். போகும்போது அந்தத் தோடியைக் கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே ஒலிக்கவிட்டு, கார்வை நேராக நிற்கும் வரை திருத்தச் சொல்லுங்கள். வெறும் சோதனை ஒலியை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது.

வளந்தலை எழுதியது:

நல்ல இழை. நான் பள்ளி ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகள் தவில் கற்றவன். இப்போதும் முகூர்த்த நாள்களில் வாசிக்கப் போகிறேன். நான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது தவில் மட்டும் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனங்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்லி வளர்ந்த மரபில் வந்த என் ஆசிரியர், கைபழகுவதற்கு முன் காது பழக வேண்டும் என்பார். அதை நான் இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் ஒழுங்காகச் செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

தவிலைச் சத்தம் என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒரு செய்தி. தவிலின் கட்டை பலா மரத்தில் கடைந்தது. வலப்பக்கம் வளந்தலை, இடப்பக்கம் தொப்பி. வலக்கை விரல்களுக்குக் கூடு போட்டுக்கொள்வோம். துணிச் சுருளைப் பசையில் தோய்த்து, விரல் நுனியின் அளவுக்கு அடுக்கடுக்காகச் சுற்றி, கல்லைப் போல இறுகும்வரை காயவைத்துச் செய்வது அது. இடக்கையில் பூவரசங்குச்சி. ஆக ஒரே மனிதரின் வலக்கையில் கடினமான விரல்கள், இடக்கையில் ஒரு கோல். இரண்டு கைகளும் இரண்டு மொழி பேசுகின்றன. தனி கேட்கும்போது முதல் முறை வளந்தலையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை தொப்பியை மட்டும் கேளுங்கள். குச்சி தொப்பியில் எங்கே விழாமல் விடுகிறது என்பதைக் கவனித்தால், அந்த வித்துவான் கணக்கை எங்கே மறைத்து வைத்திருக்கிறார் என்பது மெல்லப் புலப்படும். மூன்றாம் முறை இரண்டும் சேர்ந்து ஒரே பேச்சாக வந்துவிடும்.

நூற்பாலைக்காரர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். தொப்பியின் ஒலி தாழ்ந்த சுருதியில் இருப்பது. உங்கள் காதுக்கு அது முழுமையாகவே வந்து சேரும் என்று நினைக்கிறேன். தோடியோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பின் வரும் தனியையும் கேட்டுப் பாருங்கள்.

மேலவீதி எழுதியது:

இரண்டு கருத்துகளை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. இரண்டையும் மதிப்போடுதான் சொல்கிறேன்.

முதலாவது, நாகசுரத்தைக் காதுக்குள் செருகும் கருவியில் கேட்பது அந்த வாத்தியத்துக்குப் பொருந்தாது. கோயில் வெளிக்காகவும் நான்கு வீதிகளுக்காகவும் உருவான வாத்தியம் அது. மாயவரத்தில் என் பாட்டனார் வீடு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. விடியற்காலையில் பூபாள ராகமோ பௌளியோ முதலில் வாசல் வழியாக வராது, கொல்லைக் கிணற்றின் பக்கத்திலிருந்துதான் வரும். காற்று திரும்பினால் அணைந்துவிட்டு மறுபடியும் வரும். அதைக் கேட்டுத்தான் வீட்டில் பால் கறக்கப் போவார்கள். இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி வாசித்து முடித்தால் தெருவே படுத்துக்கொள்ளும். அந்தத் தொலைவையும் சேர்த்ததுதான் நாகசுரம். ஒலிவாங்கியை நாகசுரத்தின் விரிந்த வாயான அனசுக்கு நேரே வைத்துப் பதிவு செய்ததில் காற்றின் உறுமல் மிஞ்சுகிறது. கோயில் மதில் அதைப் பக்குவப்படுத்தி அனுப்பும் வேலை நடப்பதில்லை.

இரண்டாவது, எல்லாரும் பாரியைப் புகழ்கிறோம். திமிரி நாகசுரம் குட்டையானது. சுருதி நான்கு கட்டையும் அதற்கு மேலும் போகும். சுவாமி புறப்பாட்டில் தேர்முட்டியிலிருந்து வடக்கு வீதி வரை கேட்கும் வீச்சு அதற்குத்தான் உண்டு. பாரி வந்தபோது கனம் வந்தது, குழைவு வந்தது, கச்சேரி மேடை வந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வீச்சு குறைந்தது. நான் இப்போது தேடித் தேடிக் கேட்பது கோயிலில் வாசிக்கும் மல்லாரியை. சொல் கிடையாது, கம்பீரநாட்டையின் ஐந்தே சுரங்கள், அதையே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏற்றி, திஸ்ரத்துக்கும் மாற்றி வாசிப்பார்கள். தீர்த்தம் கொண்டுவருவதற்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று மல்லாரியிலேயே வகைகள் உண்டு. கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வீட்டிலிருந்தபடியே ஊர் தெரிந்துகொண்டது அதன் வழியாகத்தான். இந்த அறிவு ஒரு தலைமுறைக்குள் அழிந்துகொண்டிருக்கிறது என்ற கவலையே நான் மல்லாரி கேட்பதற்குக் காரணம்.

வளந்தலை எழுதியது:

மேலவீதி அவர்களுக்கு: மல்லாரியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். பாரியைப் பற்றி மட்டும் ஒரு சொல். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்து தந்தபோது நீளம் மட்டும் மாறவில்லை. பழைய வாத்தியத்தில் சுத்த மத்தியமத்தைச் சுத்தமாகப் பிடிக்க வித்துவான் உதட்டாலும் மூச்சாலும் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் புதிய வாத்தியத்தில் தீர்ந்தது. தோடி, கரகரப்பிரியா, ஆபேரி எல்லாம் சுத்த மத்தியம ராகங்கள். அந்த ஒரு சுரம் தன் இடத்தில் உட்கார்ந்தது இந்த ராகங்களின் ஆலாபனைக்குப் பெரிய உதவி. ஏழு விரல் துளைகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சுர இடங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட அசைவுகளையும் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் எங்களுக்குத் தெரியும். கடைசியில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி கூட்டுவார்கள். மீதியெல்லாம் வாயில் வைத்து ஊதும் சீவாளியின் மேல் உதடு கொடுக்கும் அழுத்தம்தான்.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம் போன்ற, பல்லாண்டுகளாகக் காய்ந்து ஈரம் முழுவதும் போன மரம். வீட்டைத் தாங்கிய மரம் மூச்சைத் தாங்க வருகிறது என்று என் ஆசிரியர் சொல்வார்.

புதுக்காது எழுதியது:

உங்கள் உரையாடலுக்குள் நுழைவதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு இருபத்திரண்டு வயது, கோயம்புத்தூரில் படிக்கிறேன். நாகசுரம் என்றால் எனக்குத் தெரிந்தது கெட்டிமேளமும், 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படமும் மட்டும்தான். அப்படத்தில் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் என்பதையே சென்ற வாரம்தான் அறிந்தேன். அதிலிருந்து மேலே போக விரும்புகிறேன். ஆனால் ஒரு மணி நேர ஆலாபனையைப் போட்டால் பத்து நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது. எங்கே தொடங்குவது?

கோவில்பட்டி வாசகர் எழுதியது:

தம்பி அல்லது தங்கைக்கு, நான் தொடங்கிய இடத்தையே சொல்கிறேன். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகி பாடிய ‘சிங்கார வேலனே தேவா’ என்ற ஆபேரி ராகப் பாட்டு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். குரலோடு இழையும் அந்த நாகசுரம் காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. அதைப் பாட்டாகக் கேட்காமல், நாகசுரம் வரும் இடங்களை மட்டும் காத்திருந்து கேளுங்கள். பாடகிக்கு இணையாக அத்தனை பெரிய வாத்தியம் எப்படித் தன்னை மெலிதாக்கிக்கொள்கிறது, சுரங்களில் போட்டி வரும்போது எப்படி வளைந்து கொடுக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு வாரம் அது மட்டும் போதும். அதன் பிறகு அவரே வாசித்த கீர்த்தனை ஒன்றைக் கேளுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிவதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆலாபனை அதன் பின்னால் தானாக வரும்.

நான் இப்போது கேட்பதும் அவரைத்தான். காருகுறிச்சி 1921-இல் பிறந்தவர், ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்தார். என் தந்தை அவரது திருமணக் கச்சேரிகளைக் கேட்பதற்காகவே, அழைப்பில்லாத வீடுகளுக்கும் சைக்கிளில் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றவர். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் ஒரு தெருமுனையைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகும், மாப்பிள்ளையின் தகப்பனாரே “இன்னும் கொஞ்சம்” என்று கேட்பார் என்று அப்பா சொல்லுவார். குருவிடமிருந்து அந்தப் பெரிய ராகப் பிடிகளை வாங்கிக்கொண்டு, கோபத்தை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டார் என்பது அப்பாவின் தீர்ப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நம்மை எழுந்து நிற்க வைக்கும். காருகுறிச்சியின் கரகரப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்பா சென்ற ஆண்டு தவறிவிட்டார். அவர் சொல்லிக் கேட்டதை ஒலிப்பதிவில் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் நான் கேட்பதற்கான காரணம்.

இணுவிலாள் எழுதியது:

இந்த இழையை மூன்று நாள்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் இணுவிலில் பிறந்தவள். இப்போது முப்பது வருடங்களாக டொரன்டோவில் இருக்கிறேன். நான் கேட்பது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில்.

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் மேளக் கச்சேரிதான் முதல். இன்றைய திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம் என்றுதான் ஊரார் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். அளவெட்டியும் இணுவிலும் நாதஸ்வர, தவில் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். வீதியில் சுவாமி நிற்கும், சனம் மணலில் இருக்கும், விடியும்வரை வாசிப்பு நடக்கும். என் அம்மம்மா ஒரு பாயையும் போர்வையையும் கொண்டுபோய், எங்களைப் படுக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் விழித்திருந்து கேட்பார். நான் அரைத்தூக்கத்தில் கேட்ட தவில்தான் இன்றும் எனக்குத் தவில்.

தெட்சணாமூர்த்தி 1933-இல் பிறந்து 1975-இல் காலமானவர். தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். வேகத்தில் வாசிக்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கோத்த முத்துப்போல நிற்கும். வளந்தலை அவர்கள் தொப்பியைத் தனியாகக் கேட்கச் சொன்னபடி நேற்று இரவு கேட்டேன். நாற்பது வருடமாகக் கேட்டுவந்த, வாசிப்பை முடித்துவைக்கும் ஒரு தீர்மானத்தில், கடைசிச் சுற்றுக்கு முன் தொப்பி ஒரு கணம் முற்றாக மௌனமாகிவிடுவதை முதல் முறையாகக் கண்டேன். வளந்தலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, தரை விலகியதுபோல் இருக்கிறது, பிறகு குச்சி விழுகிறது. நன்றி ஐயா.

நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடும்போது கொண்டுவர முடிந்தது இரண்டு பைகள்தான். அம்மா ஒரு பையின் அடியில் ஐந்து ஒலிநாடாக்களைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். அவற்றில் ஒன்று, மாமா எங்கள் ஊர்த் திருவிழாவில் சாதாரணப் பதிவுப்பெட்டியில் எடுத்தது. தவிலுக்கு நடுவில் சனத்தின் பேச்சும், ஒரு பிள்ளை அழுவதும், மணியும் கேட்கும். மேலவீதி அவர்கள் சொன்ன அந்தத் தொலைவு இந்த நாடாவில் இருக்கிறது. மாமா மேடைக்குப் பக்கத்தில் போகாமல், தேர்முட்டிக்குக் கிட்ட நின்று பதிந்தார்.

மேலவீதி எழுதியது:

அம்மா, அந்த நாடாவை உடனடியாகக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். ஒலிநாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுகள் போகப் போக உதிரும். நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். மாற்றுவதற்கு முன் முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாகச் சுற்றி எடுங்கள். பதிவுப்பெட்டியின் தலையைத் துடைத்து வையுங்கள். மாற்றும்போது, தயவுசெய்து, இரைச்சலை நீக்குகிறேன் என்று அந்தப் பிள்ளையின் அழுகையையும் சனத்தின் பேச்சையும் எடுத்துவிடாதீர்கள். திருவிழாவே அவற்றோடுதானே நடந்தது.

பதிவில் தொலைவு இருக்க முடியாது என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பதிவு செய்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாம் நாகசுரம் எழுதியது:

‘நாதஸ்வரம்’, ‘நாகசுரம்’ என்று இரண்டும் இங்கே வந்திருக்கின்றன. பழைய கிருதிகளிலும் வித்துவான்கள் வீட்டு வழக்கிலும் இருப்பது நாகசுரம். மற்றது பின்னால் பரவியது. வாசிப்பவர்கள் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் இதை இதற்கு மேல் நீட்ட விரும்பவில்லை.

நான் எழுத வந்தது வேறு. எல்லாரும் முதல் நாகசுரத்தையே கேட்கிறீர்கள். கச்சேரியில் வழக்கமாக இரண்டு நாகசுரங்கள் உண்டு. முதல்வர் பிடியை முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் இரண்டாமவர் அந்தச் சுரத்தைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறார். நீங்கள் வியக்கும் அந்த முடிவில்லாத கார்வைகளில் பல இரண்டு மூச்சுகளால் ஆனவை. என் தகப்பனார் முப்பது ஆண்டுகள் இரண்டாம் நாகசுரம் வாசித்தவர். முதல்வரின் விரலைப் பார்க்க மாட்டார், அவருடைய தோளைப் பார்ப்பார். தோள் இறங்கத் தொடங்கினால் மூச்சு முடியப்போகிறது என்று பொருள். சீவாளியை நாக்கில் நனைத்துத் தயாராக வைத்திருப்பார். கேட்பவர்களுக்கு அந்த இணைப்பு தெரியக்கூடாது என்பதே அவர் வேலை. தெரியாமல் செய்ததால் அவர் பெயரும் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே நான் கேட்பது, எந்த ஒலிப்பதிவானாலும், அந்த மாறும் இடத்தைத்தான். கொறுக்கைத் தட்டையில் செய்த ஒவ்வொரு சீவாளிக்கும் தனிக் குரல் உண்டு. கவனித்தால் சுரம் மாறாமல் ஒலியின் நிறம் மட்டும் சற்று மாறும். அங்கே ஒரு மனிதர் இருக்கிறார்.

அரங்கநகர் எழுதியது:

என் பங்குக்குச் சுருக்கமாக. நான் கேட்பது ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தின் கரவதியில் 1924-இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த இஸ்லாமியக் குடும்பம். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கி, தஞ்சை பாணியைக் கற்க நாச்சியார்கோவில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்தவர். பின்னர் திருவரங்கத்திலேயே குடியேறி, 1999-இல் மறையும்வரை அரங்கன் ஊரில் வாழ்ந்தார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். எங்கள் தெருவில் அவர் நடந்துபோவதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அவர் வாசிப்பில் அவசரமே கிடையாது. அந்நியர் வீட்டில் மிகுந்த மரியாதையோடு நுழைகிறவரைப் போல ராகத்துக்குள் காலெடுத்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் அது அவருடைய வீடாகிவிடும். நான் வழக்கறிஞர். நாள் முழுவதும் இருவர் சண்டையைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு இந்த இசை தேவைப்படுகிறது.

புதுக்காது எழுதியது:

கோவில்பட்டி ஐயா சொன்னபடி இரண்டு வாரம் அந்த ஆபேரியை மட்டும் கேட்டேன் (தங்கைதான் ஐயா). மூன்றாம் நாளிலேயே, பாடகி சுரம் சொல்லி முடிக்கும் முன் நாகசுரம் வரப்போகும் இடம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. நேற்று காருகுறிச்சியின் கீர்த்தனை ஒன்றை முழுதாகக் கேட்டேன், மனம் எங்கும் போகவில்லை. இரண்டாம் நாகசுரம் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, இரண்டு இடங்களில் மூச்சு மாறுவதைக் கண்டுபிடித்ததாக நினைக்கிறேன். ஒன்று உறுதி, மற்றது ஐயம். என் தோழியையும் உட்கார வைத்து இன்று இரவு மறுபடி கேட்கப்போகிறோம்.

நூற்பாலைக்காரர் எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செவிக்குணவு அம்மா சொன்னபடி மெஷினைக் கொண்டுபோனேன். முதலில் அங்கிருந்தவர், பேச்சு நன்றாகக் கேட்கிறதல்லவா, அது போதாதா என்றார். நான் தோடியைப் போட்டுக் காட்டினேன். அவரும் தன் காதில் ஒரு மெஷினை வைத்துக் கேட்டுவிட்டு, கார்வை நடுங்குவதைத் தானே உணர்ந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து திருத்தினார். இப்போது பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இசைக்கான நிரல் வருகிறது. கார்வை நிற்கிறது, தாளமும் கேட்கிறது.

மேலவீதி அவர்களுக்காக ஒரு காரியம் செய்தேன். திருவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை மாலை பேருந்தில் போய், கோயிலுக்குள் நுழையாமல் வீதியின் மறுகோடியில் ஒரு பூக்கடை ஓரமாக நின்றேன். புறப்பாட்டில் முதலில் வந்து சேர்ந்தது தொப்பிதான். காதில் என்பதைவிட நெஞ்சில் என்று சொல்ல வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குள் நாகசுரம் மூலை திரும்பியது. மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டேன், பிறகு மாட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டு முறையும் முழுதாக இருந்தது. எத்தனையோ வருடம் நூற்பாலையின் இரைச்சலைச் சுமந்த காது இது. அத்தனை பெரிய ஒலி அதை வருத்தாமல் வந்தது எனக்குப் பெரிய செய்தி.

சுவாமி மண்டபத்தில் நின்றபோது தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நடுவிரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. நாகசுரக்காரர் பழைய சீவாளியை எடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய கொத்திலிருந்து வேறொன்றை வாயில் போட்டு ஊறவைத்தார். இரண்டாம் நாகசுரம் வாசித்த இளைஞரிடம் போய், முதல்வரின் தோளைப் பார்த்துத்தானே வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்து, யார் சொன்னது என்றார். இந்த இழையில் எழுதியவரின் தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் பெரியப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றார்.

இணுவில் அம்மா அந்த நாடாவை மாற்றி முடித்ததும், தங்களுக்கு விருப்பமானால், எங்களுக்கும் கேட்கத் தாருங்கள். தொப்பி மௌனமாகும் அந்த இடத்தை எனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். நானே கண்டுபிடிக்க முயல்கிறேன்.

இணுவிலாள் எழுதியது:

நாடா நேற்று முழுவதுமாக மாற்றப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து எண்பத்தேழு நிமிடங்கள். அழுகிற பிள்ளை நான்தான் என்று அம்மா இன்று காலை தொலைபேசியில் சொன்னார். எதையும் நீக்கவில்லை. இந்த வாரக் கடைசியில் எல்லாருக்கும் அனுப்புகிறேன்.